வண்டி நிற்காத ஊர்கள்

யூடியூப்பில் கிழக்கு மாகாண ரோட் ட்ரிப் வீடியோ எதையாவது ஒன்றைப் போட்டுப் பாருங்கள். எல்லாம் கிட்டத்தட்ட ஒரே மாதிரித்தான் இருக்கும். விடியற்காலையில் கொழும்பிலிருந்து வெளிக்கிடுவார்கள். எல்லவில் ஒன்பது வளைவுப் பாலம். மொனராகலை தாண்டிப் பொத்துவில். அறுகம்பையில் இரண்டு இரவு, பாலத்துக்கு மேலே ஒரு ட்ரோன், அலையில் ஒரு பலகை, மாலை வெயிலில் ஒரு முச்சக்கரவண்டி. அடுத்த காட்சியில் பாசிக்குடாவில் நிற்பார்கள்.

அறுகம்பைக்கும் பாசிக்குடாவுக்கும் இடையில் நூறு கிலோமீற்றருக்கு மேல் ரோடு கிடக்கிறது. அந்த ரோட்டில்தான் நாங்கள் இருக்கிறோம். கோமாரி, திருக்கோவில், தம்பிலுவில், அக்கரைப்பற்று, அட்டாளைச்சேனை, பாலமுனை, ஒலுவில், நிந்தவூர், காரைதீவு, சாய்ந்தமருது, கல்முனை, பாண்டிருப்பு, மருதமுனை, பெரியநீலாவணை, கல்லாறு. வீடியோவில் இவ்வளவு ஊருக்கும் சேர்த்து நாலைந்து செக்கன். ஓடுகிற வண்டியின் கண்ணாடிக்கு வெளியே ஒரு பள்ளிவாசல் மினாரா, ரோட்டோரத்தில் ரெண்டு மாடு, கறுப்பு அபாயாவில் யாரோ ஒரு உம்மா. பின்னால் பாட்டு. தலைப்பில் மட்டும் "இதுதான் உண்மையான இலங்கை".

எங்கட ஊருக்கு யாரும் வருகிறார்கள் இல்லையே என்று அழுவதற்காக இதை எழுதவில்லை. வண்டி நிற்பதும் நிற்காததும் ஓட்டுகிறவரின் விருப்பம். ஆனால் இந்த நாட்டைப் பற்றிய படம் இன்று பெரும்பாலும் வண்டி நிற்கும் இடங்களில்தான் உருவாகிறது. எங்கே நின்று எடுத்தார்களோ அது "நாடு". எங்கே நிற்காமல் போனார்களோ அது வெறும் வழி. வழியில் இருக்கிற மனிதர்களை நாட்டுக்குள் சேர்ப்பதா இல்லையா என்ற கேள்வி அந்தப் படத்துக்குள் சத்தமில்லாமல் தீர்ந்துவிடுகிறது. அதைப் பற்றித்தான் பேச நினைக்கிறோம்.

அமெரிக்காவில் தொடங்கிய பழக்கம்

ரோட்டைப் படம் எடுத்து "இதுதான் எங்கள் தேசம்" என்று சொல்கிற பழக்கத்தை உலகத்துக்குக் கற்றுக்கொடுத்தது அமெரிக்கா. நீளமான நேர் ரோடு, பழைய பெற்றோல் நிலையம், துருப்பிடித்த பெயர்ப்பலகை, ஒரு கொடி. இந்த நாலையும் ஒரு சட்டத்துக்குள் வைத்தால் போதும், அந்த நாட்டை ஒருநாளும் காணாத எங்களுக்கும் ஏதோ ஏக்கம் வரும். பிறக்காத ஊருக்காக ஏங்குவது என்றால் அது சும்மா விஷயமில்லை.

அந்த ஏக்கத்தின் தலைநகர் ரூட் 66. 1926இல் சிக்காகோவையும் கலிபோர்னியாவையும் இணைத்துப் பெயர் பெற்ற அந்த ரோடு, பெரிய அதிவேகப் பாதைகள் வந்தபின் 1985இல் தேசியப் பாதைப் பட்டியலிலிருந்தே நீக்கப்பட்டது. இன்று அங்கே போகிறவர்களில் அதிகமானோர் தேடிப் போவது பாதி கைவிடப்பட்ட பெற்றோல் நிலையங்களையும் வெளிச்சம் போன பலகைகளையும்தான். பயன் போனபிறகுதான் ரோட்டுக்கு அழகு கூடியிருக்கிறது.

ஆனால் அதே ரோடுகளில் இன்னொரு நாடும் ஓடியது. 1936இல் நியூயோர்க் ஹார்லெமைச் சேர்ந்த விக்டர் ஹியூகோ கிரீன் என்ற தபால்காரர் ஒரு கையேடு வெளியிட்டார். கறுப்பின மக்கள் காரில் பயணம் போனால் எந்த ஊரில் அறை கொடுப்பார்கள், எந்தக் கடையில் சாப்பாடு தருவார்கள் என்ற விபரம் அதில் இருந்தது. முப்பது வருடம் அளவில் அந்தப் புத்தகம் தொடர்ந்து வெளிவந்தது. வெள்ளைக்காரக் குடும்பத்துக்கு நினைத்த இடத்தில் நிற்பது சுதந்திரம். கறுப்புக் குடும்பத்துக்கு எங்கே நிற்கக்கூடாது என்று தெரிந்திருப்பதுதான் உயிர். பழைய ரோட்டின் படத்தைப் பார்த்து "அந்தக் காலம்" என்று பெருமூச்சு விடுவது யாருடைய காலத்துக்காக என்று கேட்கவேண்டியது இதனால்தான்.

இந்தக் கேள்வியைக் கமெராவாலேயே கேட்டவர் ரொபர்ட் ஃபிராங்க். சுவிற்சர்லாந்தில் யூதக் குடும்பத்தில் பிறந்து அமெரிக்காவுக்குக் குடியேறியவர். 1955, 56இல் குகன்ஹைம் நிதியுதவியோடு ஒரு பழைய ஃபோர்ட் காரில் நாடு முழுக்க அலைந்து இருபத்தேழாயிரத்துக்கும் மேற்பட்ட படங்கள் எடுத்தார். கடைசியில் புத்தகத்துக்கு எடுத்துக்கொண்டது 83. "அமெரிக்கர்கள்" என்ற அந்தப் புத்தகம் 1958இல் பாரிசிலும் 1959இல் நியூயோர்க்கிலும் வந்தபோது, நாட்டைக் கேவலப்படுத்திவிட்டார் என்று அங்கே பலர் கோபப்பட்டார்கள். அதில் ஒரு படம் நியூ ஓர்லியன்ஸ் ட்ராம். முன் ஜன்னல்களில் வெள்ளையர்கள், பின் ஜன்னல்களில் கறுப்பர்கள். ஒரு வண்டியின் பக்கவாட்டுக்குள் முழு நாடும் அடங்கியிருக்கிறது. இன்னொரு படத்தில் கட்டடச் சுவரில் கொடி தொங்குகிறது, ஜன்னலில் நிற்கிற பெண்ணின் முகத்தை அந்தக் கொடியே மறைத்துவிடுகிறது.

எங்களுக்கு அவர் கதையில் அதிகம் ஒட்டியது வேறொன்று. 1955 நவம்பரில் ஆர்கன்சா மாநிலத்தில் பொலிஸ் அவரைப் பிடித்து மணிக்கணக்கில் அடைத்து வைத்தது. கையில் கமெராக்கள், வாயில் அன்னியப் பேச்சு. சந்தேகத்துக்கு அது போதுமாக இருந்தது. ரோட்டில் கமெராவோடு நிற்கிற எல்லோரும் ஒன்றல்ல. சிலர் பயணி, சிலர் சந்தேகநபர். இது எங்களுக்கு யாரும் விளக்கிச் சொல்லவேண்டிய பாடம் இல்லை.

சிலோன் என்ற ஃபில்டர்

இங்கேயும் அந்த ஏக்கத்துக்கு ஒரு பெயர் இருக்கிறது: சிலோன். 1972இல் நாடு அந்தப் பெயரை விட்டுவிட்டது. கஃபேக்களும் டீ-ஷேர்ட்டுகளும் இன்ஸ்டாகிராம் பக்கங்களும் விடவில்லை. மஞ்சள் பூசிய நிறம், பழைய மொரிஸ் மைனர், ரயில் ஜன்னல், தேயிலைத் தோட்டம், தென்னையில் சாய்ந்த சூரியன். யாருக்கும் சண்டை வராத, யாரும் யாரையும் அடையாள அட்டை கேட்காத ஒரு நாடு அங்கே இருக்கிறது.

இந்தப் படமும் புதிது இல்லை. 1934இல் பசில் ரைட் எடுத்த "சோங் ஒஃப் சிலோன்" என்ற ஆவணப்படத்துக்குக் காசு கொடுத்தது தேயிலை விளம்பரச் சபை. சிவனொளிபாதமலை யாத்திரை, புத்தர் சிலைகள், கண்டிய நடனம் என்று அழகழகாகப் போகிற படம். பின்னணிக் குரல் கொடுத்தவர் எங்கள் நாட்டின் பெரிய புகைப்படக் கலைஞர் லயனல் வென்ட். அவர் வாசிக்கிற வசனங்களோ 1681இல் ரொபர்ட் நொக்ஸ் எழுதிய புத்தகத்திலிருந்து வந்தவை. தேயிலை விற்பதற்கான படம், இருநூற்றைம்பது வருடப் பழைய வார்த்தைகளால் பேசுகிறது. 1934இலேயே இந்த நாடு "அந்தக் காலத்து" நாடாக்கப்பட்டுவிட்டது.

படம் அழகாக இருப்பதில் எங்களுக்கு ஒரு வழக்கும் இல்லை. வென்டின் படங்களை நாங்களும் மணிக்கணக்கில் பார்த்திருக்கிறோம். ஆனால் அந்தச் சிலோனுக்குள் கல்முனைக் கரையைத் தேடினால் கிடைப்பது கடற்கரையும் தென்னையும் தோணியும்தான். தோணி தள்ளுகிறவனின் பாஷை கிடைக்காது, அவன் பெயர் கிடைக்காது, அவன் வெள்ளிக்கிழமை எங்கே போகிறான் என்பது கிடைக்காது.

அறுகம்பைப் பாலத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். எங்கட கரையில் ஆக அதிகம் படம் எடுக்கப்படும் இடங்களில் ஒன்று. பழைய பாலத்தைச் சுனாமி உடைத்தது. இப்போது இருக்கிற பாலம் அமெரிக்க அரசின் உதவியோடு கட்டப்பட்டு 2008இல் திறக்கப்பட்டது. பாலத்துக்கு அங்கால் இருக்கிற உல்லை, பெரும்பாலும் முஸ்லிம் குடும்பங்கள் வாழ்கிற மீனவக் கிராமம். இன்று அங்கே ஹீப்ரு மொழியிலும் கடைப்பலகைகள் இருக்கின்றன. 2024 ஒக்டோபரில் அமெரிக்கத் தூதரகம் அறுகம்பைக்குப் போகவேண்டாம் என்று தன் பிரஜைகளை எச்சரித்தபோது, ஒரு நாளைக்குள் அந்தச் சின்ன ரோட்டை பொலிசும் படையும் நிறைத்தது. அலையில் சறுக்குகிற படத்தில் இதில் ஒன்றும் இல்லை. ஆனால் பாலம், பணம், பயம், பலகை எல்லாம் சேர்ந்ததுதான் அந்த இடம்.

பாலத்தைத் தாண்டினால் ரோட் ட்ரிப்காரர்கள் நிற்கிற மற்ற இடங்கள் பெரும்பாலும் புனிதத் தலங்கள். பொத்துவிலில் முகுது மகா விகாரை, உள்ளே போனால் தீகவாபி. தீகவாபி பௌத்தர்களின் பதினாறு முக்கியத் தலங்களில் ஒன்று. அது பழமையானது, வணங்க வருகிறவர்களின் நம்பிக்கை உண்மையானது. அதில் விவாதமில்லை. ஆனால் 2020 ஜூனில் கிழக்கின் தொல்பொருளுக்கு என்று ஜனாதிபதி செயலணி ஒன்று அமைத்தபோது, பாதுகாப்புச் செயலாளர் தலைமையிலான அந்தக் குழுவில் தொடக்கத்தில் ஒரு தமிழரும் இல்லை, ஒரு முஸ்லிமும் இல்லை. கிழக்கின் பழமையைப் பற்றிப் பேசக் கிழக்கின் பெரும்பான்மை தேவைப்படவில்லை. பிறகு பயணி வருகிறார். பலகை எங்கே இருக்கிறதோ அங்கே வண்டியை நிறுத்துகிறார். அவர் கெட்டவர் இல்லை. அவருக்காக இடத்தை ஏற்கெனவே தெரிந்து வைத்திருக்கிறார்கள்.

அல்பம் இல்லாத கரை

இனி எங்கட பக்கத்துக்கு வருவோம். பழைய படத்தைப் பார்த்து ஏங்குவதற்கு முதலில் பழைய படம் வேண்டும்.

2004 டிசம்பர் 26இல் சுனாமி இலங்கையில் அதிகமானோரைக் கொன்றது அம்பாறை மாவட்டத்தில்தான். பத்தாயிரத்துக்கும் மேல். மருதமுனை, கல்முனைக்குடி, சாய்ந்தமருது, மாளிகைக்காடு என்று கடலோரத்தில் நெருக்கி நெருக்கிக் கட்டியிருந்த வீடுகள் போயின. வீட்டோடு அலுமாரி போனது, அலுமாரியோடு அல்பம் போனது. எங்களில் பலருக்கு உம்மா வாப்பாவின் கல்யாணப் படம் இல்லை. மூத்தப்பாவின் முகம் அடையாள அட்டையில் மட்டும் இருக்கிறது. முகமே இல்லாமல் பெயர் மட்டும் மிஞ்சியவர்களும் இருக்கிறார்கள்.

அதற்கு முதலும் எங்கட வீடுகளில் படம் அதிகம் இல்லை. சுவரில் படம் மாட்டினால் மலக்குமார் வரமாட்டார்கள் என்று மூத்தம்மாமார் சொல்வார்கள். படம் அலுமாரிக்குள், சேலைக்கு அடியில் இருக்கும். பெருநாளைக்குச் சொந்தக்காரர் வந்தால் வெளியே வரும். பார்த்துச் சிரித்து, ஒருத்தர் ரெண்டு பேருக்குக் கண் கலங்கி, திரும்ப உள்ளே போகும். எங்கட ஏக்கம் சுவரில் தொங்குகிற ஏக்கம் இல்லை. மடித்து வைக்கிற ஏக்கம்.

ஆனால் எங்கட வாப்பாமாருக்கும் ஒரு அமெரிக்க ரோட் ட்ரிப் இருந்தது. எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் சவூதிக்கும் குவைத்துக்கும் போனவர்கள் அனுப்பிய படங்கள் எங்கட வீடுகளில் தப்பிக் கிடக்கின்றன. ஒரு நீளமான ஷெவ்ரோலெ கார். கார் மேல் ஒரு கை. கண்ணில் கறுப்புக் கண்ணாடி. பின்னால் பாலைவனம், நேர் ரோடு. கார் முதலாளியுடையது. வாப்பா அதைக் கழுவுகிறவர், அல்லது ஓட்டுகிறவர். ஒரு வாப்பாவிடம் நாங்கள் அந்தப் படத்தைக் காட்டிக் கேட்டோம். "அந்தக் கார்ல நான் ஒரு நாளும் பின் சீட்ல இருந்ததில்ல மகன். ஆனா உங்கட உம்மாக்கு அது தெரியத் தேவல்ல தானே" என்றார்.

ரூட் 66 படங்களை விட அந்தப் படம் எங்களுக்கு ரோட்டைப் பற்றி அதிகம் சொல்கிறது. சாய்ந்து நிற்கிறவன் எல்லாம் ஓட்டிப்போகிறவன் இல்லை.

இந்த ரோட்டில் என்ன நடந்தது

எங்கட பெரியவர்களோடு மட்டக்களப்புக்குப் பஸ்ஸில் போனால், சில இடங்கள் வரும்போது பேச்சு நிற்கும். அந்த இடங்களில் பலகை எதுவும் இல்லை. ஆனால் அவர்களுக்குத் தெரியும்.

1990இன் அந்தச் சில மாதங்களை மட்டும் எடுத்துக்கொள்வோம். ஜூனில் கல்முனை உட்படக் கிழக்கின் பொலிஸ் நிலையங்களில் சரணடைந்த பொலிஸ்காரர்களை விடுதலைப் புலிகள் கொண்டுபோய்த் திருக்கோவில் பக்கக் காட்டில் கொன்றார்கள். அதன் பிறகு படை கல்முனைக்குள் வந்தபோது தமிழர்கள் கொல்லப்பட்டார்கள், காணாமல் போனார்கள். ஜூலையில் காத்தான்குடிக்குத் திரும்பிக்கொண்டிருந்த முஸ்லிம் பயணிகள், ஹஜ்ஜுக்குப் போய் வந்தவர்கள் உட்பட, இதே ரோட்டில் குருக்கள்மடத்தில் புலிகளால் கடத்திக் கொல்லப்பட்டார்கள். அவர்களுடைய ஜனாஸாக்களுக்காகக் குடும்பங்கள் பல வருடம் நீதிமன்றப் படி ஏறின. ஆகஸ்டில் சம்மாந்துறைக்குப் பக்கத்தில் வீரமுனைக் கோயிலில் தஞ்சம் புகுந்திருந்த தமிழர்கள் கொல்லப்பட்டார்கள். அந்தப் படுகொலையில் எங்கட சமூகத்து ஆட்களுக்கும் பங்கு இருந்தது என்று தமிழர்கள் சொல்வதை நாங்கள் சின்ன வயதில் கேட்டதே இல்லை. கேட்டபிறகு, இல்லை என்று கத்துவதற்கு முன்னால் கொஞ்ச நேரம் சும்மா இருக்கப் பழகினோம்.

ஒரே ரோடு, ஒரே வருடம். சிங்களவருக்கு ஒரு இடம், தமிழருக்கு ஒரு இடம், முஸ்லிமுக்கு ஒரு இடம். ஒவ்வொருவருக்கும் மற்றவர்களின் இடம் வெறும் வழி. ரோட் ட்ரிப்காரன் எங்களைக் கடந்து போகிறான் என்று கோபப்படுகிறோமே, நாங்களும் ஒருவரை ஒருவர் அப்படித்தான் முப்பத்தைந்து வருடமாகக் கடந்து போய்க்கொண்டிருக்கிறோம்.

பிறகு 2019. ஈஸ்டர் தாக்குதலுக்கு ஐந்து நாள் கழித்து, ஏப்ரல் 26 இரவு, சாய்ந்தமருதுவில் ஒரு வீடு. வெடிப்பும் துப்பாக்கிச் சூடும். குழந்தைகள் உட்பட அங்கே பலர் செத்தார்கள். வெளியிலிருந்து வந்து தங்கியவர்களைச் சந்தேகப்பட்டுத் தகவல் கொடுத்ததே ஊர்மக்கள்தான். ஆனால் நாடு முழுவதும் போன படத்தில் ஊர்மக்கள் இல்லை. உடைந்த வீடும் துப்பாக்கியோடு நிற்கிற படையினரும் மட்டும்தான். சாய்ந்தமருது என்ற பெயரை முதல் தடவையாகக் கேட்டவர்களுக்கு ஊரின் ஒரே புகைப்படம் அதுவாகிப் போனது. அதன்பிறகு கொஞ்சக் காலம் ஃபோனைத் தூக்கி ரோட்டில் படம் எடுக்க எங்களுக்கே பயம். வெள்ளைக்காரர் எடுத்தால் சுற்றுலா. தாடி வைத்த பையன் பாலத்தைப் படம் எடுத்தால் விசாரணை.

எங்கட படங்களில் யார் இல்லை

இதையெல்லாம் பேசிப் பேசி, போன பெருநாள் விடுமுறையில் நாங்கள் ஆறு பேர் மருதமுனையிலிருந்து நிந்தவூர் வரை ரோட்டால் நடந்தோம். வண்டி இல்லை. ஃபோன் கமெராவும் ஒரு பழைய டிஜிட்டல் கமெராவும். ஒரே ஒரு நிபந்தனை: நிற்காமல் படம் எடுக்கக்கூடாது.

மருதமுனையில் ஒரு வீட்டுக்குள் தறிச்சத்தம் கேட்டு நின்றோம். சாரன் நெய்துகொண்டிருந்தவர் கையைப் படம் எடுக்கச் சொன்னார், முகத்தை வேண்டாம் என்றார். கல்முனைக் கடற்கரைப் பள்ளிக்குப் போனோம். கொடியேற்றத்துக்கு மட்டும் சனம் நிறைகிற இடம், அன்று வெறும் மணலும் காற்றும். சாய்ந்தமருதுவில் ஒரு தேத்தண்ணிக் கடையில் இருந்த மூத்தம்மா கேட்டா: "ரோட்டப் படம் எடுத்து என்ன செய்யப் போறீங்க? ரோடு ஓடியா போகப் போகுது?" எங்களுக்குப் பதில் வரவில்லை. பிறகு அவவே சொன்னா, தான் கல்யாணம் முடித்துப் போன வீடு நின்ற இடத்தில் இப்போது கடல் அடிக்கிறது என்று. ரோடும் ஓடித்தான் போகிறது.

அன்றிரவு படங்களை லப்டொப்பில் போட்டுப் பார்த்தோம். இருநூறுக்கு மேல். வெட்கமாகப் போய்விட்டது.

மருதமுனைக்கும் கல்முனைக்கும் இடையில் பாண்டிருப்பு இருக்கிறது. திரௌபதை அம்மன் கோயிலும் அதன் தீமிதிப்பும் கிழக்கு முழுக்கப் பேர்போனது. எங்களிடம் பாண்டிருப்பில் எடுத்த படம் இரண்டு. அதில் ஒன்று ஒரு பூனை. சாய்ந்தமருதுக்கும் நிந்தவூருக்கும் இடையில் காரைதீவு, விபுலானந்த அடிகள் பிறந்த ஊர். அங்கே எங்களிடம் படமே இல்லை. வெயில் என்று சொல்லி வேகமாக நடந்து வந்திருக்கிறோம். யாரும் திட்டம் போடவில்லை. கால் தானாக வேகமாகிவிட்டது. எங்கட ரோட்டில் ஊர்கள் மணிமாலை மாதிரி ஒன்றுவிட்டு ஒன்று, முஸ்லிம் ஊர், தமிழ் ஊர், முஸ்லிம் ஊர் என்று கோத்திருக்கின்றன. நாங்கள் ஒரு நிற மணியை மட்டும் எண்ணிக்கொண்டு வந்திருக்கிறோம். கல்முனையில் பிரதேச செயலகத்தை எந்தக் கோட்டில் பிரிப்பது என்று இரண்டு பக்கமும் வருடக்கணக்காக உண்ணாவிரதமும் ஊர்வலமும் நடத்துகிறார்கள். எங்கட கமெரா ஒரே நாளில் அந்தக் கோட்டைக் கீறிவிட்டது.

இரண்டாவது வெட்கம், பெண்கள். ஆறு பேரில் எங்களில் இரண்டு பேர் பெண்கள். இருந்தும் இருநூறு படத்தில் முன்னால் நிற்கிற பெண் ஒருவர்கூட இல்லை. ரோட் ட்ரிப் வீடியோவில் அபாயா போட்ட உம்மாவை யாரும் கேட்காமல் எடுத்ததற்குக் கோபப்பட்டவர்கள் நாங்கள். கேட்டு எடுப்பதற்குப் பதிலாக எடுக்காமலே விட்டிருக்கிறோம். கேட்காமல் எடுப்பதும் கேட்கவே கேட்காமல் விடுவதும் அவவைப் பொறுத்தவரை பெரிய வித்தியாசம் இல்லை.

"எங்கட ஊர், எங்கட மண்" என்று ஃபேஸ்புக்கில் நடக்கிற பழைய படப் பக்கங்களும் இதே வியாதிதான். பழைய பள்ளிவாசல், பழைய பாடசாலை, எம்பி ஒருவரோடு ஊர்ப் பெரியவர்கள் வரிசையாக. பக்கத்து ஊர்த் தமிழர் இல்லை, பெண் இல்லை, கூலிக்கு வயல் வெட்டியவன் இல்லை. சிலோன் ஃபில்டரைக் கேலி பண்ணுகிற நாங்கள் எங்களுக்கென்று ஒரு சின்னச் சிலோன் வைத்திருக்கிறோம்.

அப்ப என்ன செய்யலாம்

இந்த இடத்தில் எங்கட நண்பர்களே மறித்துக் கேட்பது ஒன்றுண்டு. "மச்சான், சுற்றுலாவால நாலு பேருக்குச் சோறு கிடைக்குது. அழகான படத்தப் போட்டா இன்னும் ரெண்டு பேர் வருவான். இதுக்குள்ள என்ன அரசியல்?" நியாயமான கேள்வி. உல்லையில் ஒரு சீசன் படுத்தால் வருடம் முழுக்கக் கடன் என்பது எங்களுக்கும் தெரியும். அழகான படம் எடுக்காதீர்கள் என்று நாங்கள் யாருக்கும் சொல்லவில்லை. அழகான படம் மட்டுமே மிஞ்சினால், 2019 மாதிரி ஒரு நாள் வரும்போது எங்களுக்காகப் பேச வேறு படம் இருக்காது. தேங்காய், அலை, சூரியன் மூன்றும் யாருக்கும் சாட்சி சொல்லாது.

அதனால் நாங்கள் எங்களுக்கென்று சில வேலைகள் வைத்திருக்கிறோம். பெரிய திட்டம் ஒன்றும் இல்லை, யாரும் செய்யலாம்.

முதலாவது, நின்று எடுப்பது. நின்றால் யாராவது கேட்பார்கள், எதுக்கு எடுக்கிறாய் என்று. அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல முடியாத படத்தை எடுக்கத் தேவையில்லை.

இரண்டாவது, பக்கத்து ஊரில் நிற்பது. மருதமுனைப் பிள்ளை பாண்டிருப்பில் நிற்கட்டும். காரைதீவுப் பிள்ளை நிந்தவூரில் நிற்கட்டும். அங்கே யாரையாவது பிடித்து, இந்த ரோட்டில் உங்களுக்கு எந்த இடம் வரும்போது பேச்சு நிற்கும் என்று கேளுங்கள். படம் பிறகு எடுக்கலாம்.

மூன்றாவது, சாதாரணத்தை எடுப்பது. அறுவடைக் காலத்தில் ரோட்டோரத்தில் காயப்போட்டிருக்கிற நெல். முச்சந்தியில் மூன்று மொழிப் பலகை, எந்த மொழி மேலே, எந்த மொழியில் எழுத்துப்பிழை என்பதோடு. ஒலுவிலில் 2013இல் திறந்து ஆரவாரம் அடங்கிப்போன துறைமுகமும், அதற்குப் பிறகு கடல் அரித்துத் தின்னும் கரையும். அக்கரைப்பற்றுக்குப் பக்கத்தில் நுரைச்சோலையில் சுனாமி அகதிகளுக்காகச் சவூதி உதவியில் கட்டி, யாருக்கு எந்த விகிதத்தில் கொடுப்பது என்ற வழக்கால் வருடக்கணக்காகக் காடு பிடித்துக் கிடந்த 500 வீடுகள். இந்த வீடுகளைக் "கைவிடப்பட்ட மர்ம நகரம்" என்று பாழடைந்த அழகாகப் படம் எடுத்துப் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். அவை கைவிடப்பட்டவை இல்லை. கொடுக்கப்படாதவை. அந்த ஒரு சொல்லைப் படத்துக்குக் கீழே சரியாக எழுதினாலே பாதி வேலை முடிந்தது.

நான்காவது, எழுதுவது. யார், எந்த ஊர், எந்தத் திகதி, யார் சம்மதம் தந்தது. ஃபிராங்க் தன் படங்களுக்குக் கீழே ஊர்ப் பெயரை விட அதிகம் எழுதவில்லை. அவருக்கு அது போதுமாக இருந்திருக்கலாம். அல்பத்தைக் கடலுக்குக் கொடுத்த எங்களுக்குப் போதாது.

கடைசியாக, வீட்டு அலுமாரி. சேலைக்கு அடியில் மிஞ்சியிருக்கிற படங்களை ஃபோனில் பிரதி எடுத்து, பின்பக்கத்தில் எழுதியிருப்பதையும் சேர்த்து எடுத்து, யார் யார் என்று உம்மாவிடம் கேட்டு எழுதி வையுங்கள். இணையத்தில் போடுவது அவவின் விருப்பம். போடாமல் மடித்தே வைத்திருந்தாலும் பரவாயில்லை. ரெண்டு பிரதி, ரெண்டு வீட்டில், அதில் ஒன்று கடலுக்குத் தூரத்தில்.

வாற மாதம் நாங்கள் திரும்பவும் அதே ரோட்டால் நடக்கப்போகிறோம். இந்தத் தடவை காரைதீவிலிருந்து ஆரம்பிக்கிறோம். அங்கே இருக்கிற நாலு பிள்ளைகள் எங்களோடு வர ஒத்துக்கொண்டிருக்கிறார்கள். அவர்களும் எங்களுக்கு ஒரு நிபந்தனை போட்டிருக்கிறார்கள்: வீரமுனைக்கும் போகவேண்டும். குருக்கள்மடத்துக்கு நாங்களும் வருகிறோம் என்றார்கள். சரி என்று சொல்லியிருக்கிறோம். கமெராவைக் கொண்டுபோவதா இல்லையா என்று இன்னும் முடிவெடுக்கவில்லை.